புதிய வேர்

காட்டில் குட்டிகளுக்கு விஷக்காய்ச்சல் பரவியது. வைத்தியம் பார்த்த கீரி, பாதிக் குட்டிகளுக்கு வழக்கமான பழைய வேரையும் மீதிக் குட்டிகளுக்குப் புதிய வேரையும் கொடுத்தது.

"என் குட்டிக்குப் புதுசையே கொடுங்க, வைத்தியரே" என்று கெஞ்சியது புள்ளிமான்.

"எது நல்லதுன்னு எனக்கே இன்னும் தெரியலையேம்மா. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இப்படிக் கொடுக்கிறேன்."

மானின் குட்டிக்குப் பழைய வேர்தான் கிடைத்தது. அது பிழைக்கவில்லை. புதிய வேர் தின்ற குட்டிகள் எழுந்து நடந்தன. அதன் பிறகு மான் கீரியின் முகத்திலேயே விழிக்கவில்லை.

அடுத்த மழைக்குக் காய்ச்சல் திரும்பி வந்தது. அக்கரையிலிருந்து வந்திருந்த முயல், சுருண்டு கிடந்த தன் குட்டிக்குக் கீரி நீட்டிய புதிய வேரை வாங்கப் பயந்தது.

மேய்ந்துகொண்டிருந்த மான் அருகே வந்தது. வேரை வாங்கி, மென்று குழைத்து, முயல்குட்டியின் வாயில் வைத்தது.

"இது கேட்கும்" என்றது.

"உங்களுக்கு எப்படித் தெரியும், அக்கா?"

மான் குனிந்து, குட்டியின் நெற்றியை மெல்ல நக்கிக்கொடுத்தது.