சிந்துவின் ரிப்போர்ட்

“ரெண்டாவது ரிப்போர்ட்டுலயும் மாத்திரை இருக்குன்னுதான வந்திருக்கு டாக்டரம்மா? பெறவு என்ன யோசனை? இன்னைக்கே அட்மிட் பண்ணிருங்க!”

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கதிரேசனின் குரல் உடைந்திருந்தது. மகள் சிந்துவின் புத்தகப் பையில் தூக்க மாத்திரை அட்டை கிடைத்த நாளிலிருந்து அவர் கடைப்பக்கமே போகவில்லை. பக்கத்து நாற்காலியில் மனைவி ஜோதிலட்சுமி கண்கள் செருக உட்கார்ந்திருந்தாள்.

“இவளும் பாவம். மகளை நெனச்சு ராத்திரியெல்லாம் ஒறங்குறதில்ல.”

டாக்டர் அன்புக்கரசி சிந்துவையே பார்த்தார். அடையாறில் இந்தக் கிளினிக்கைத் திறந்து இருபத்தெட்டு வருஷம். போதையில் சிக்கிய எத்தனையோ பிள்ளைகள் இங்கே வந்து, தொட்டதே இல்லை என்று சத்தியம் செய்திருக்கிறார்கள். இவள் ஒருத்திதான் கேட்ட உடனே ஒப்புக்கொண்டவள். ஆனால் கையில் நடுக்கமில்லை, பேச்சில் குழறல் இல்லை. அது டாக்டரை உறுத்திக்கொண்டே இருந்தது.

“அட்மிட் பண்ணா மூணு மாசம் ஆகும். ப்ளஸ் டூ பரீட்சை எழுத முடியாது. புரியுதா சிந்து?”

“பரவால்ல டாக்டர். அம்மாவும் என்கூடத் தங்கலாம்ல?”

“கூசாம சொல்லுதா பாருங்க!” கதிரேசன் தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டு தடவையும் சிறுநீர் வீட்டிலிருந்துதான் பாட்டிலில் வந்திருந்தது. டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. சிந்துவுக்கு நர்ஸைத் துணைக்கு அனுப்பி, கிளினிக்கிலேயே எடுத்துவரச் சொன்னார். பத்து நிமிஷத்தில் ரிசல்ட் வந்தது. மாத்திரையின் சுவடே இல்லை.

பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, நாற்காலியை சிந்துவின் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நீ மாத்திரையே போடலம்மா. அப்போ இதுவரைக்கும் கொண்டுவந்தது யாரோடது?”

சிந்து குனிந்த தலை நிமிரவில்லை. அழுகையை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“அம்மாவோடது. சுகர் டெஸ்ட்டுக்குன்னு பொய் சொல்லி வாங்கினேன். அட்டையையும் நான்தான் அப்பா கண்ணுல படுற மாதிரி என் பைக்குள்ள வச்சேன். அம்மா ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை போடுறாங்க டாக்டர். போன மாசம் ஒருநாள் எழுப்ப எழுப்ப எழுந்திருக்கவே இல்ல. நான் எவ்வளவோ சொல்லியும், ‘ஒறக்கம் வரலன்னு போடுதா, அதுக்குப் போய் ஆஸ்பத்திரியா’ன்னு அப்பா திட்டிட்டார். எனக்குன்னா ஓடி வருவார்னு தெரியும்.”