கயிறு நின்ற நேரம்

அவள் கயிற்றை விடவில்லை. இழுக்கவும் இல்லை.

குதிகாலை மணலில் ஊன்றி அப்படியே நின்றுவிட்டாள்.

சற்றுமுன்தான் சம்மாட்டி அவள் மகனை ஏசினார். அவர்கள் கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கிற வலைக்குச் சொந்தக்காரர். சந்தியாகு இழுக்கிற இழுப்பு போதவில்லையாம். பெற்றவளைச் சேர்த்து ஒரு வார்த்தை.

அந்தக் கரையில் அது தினமும் விழுகிற வார்த்தைதான். நாலு கெட்ட வார்த்தை விழுந்தால்தான் கயிறு வரும் என்பது அவர் நம்பிக்கை. கேட்டுக் கேட்டு சந்தியாகுவுக்குக் காது மரத்துப்போய்விட்டது.

இன்றைக்கு ஆள் குறைவென்று பெற்றவளும் வந்து கயிறு பிடித்திருக்கிறாள். சம்மாட்டி அதை மறந்துபோனார்.

“என்னையவா சொன்னீக, சம்மாட்டி?”

“அட, வாயில வர்றதுதான ஆத்தா. இழு, இழு.”

அவள் இழுக்கவில்லை.

சந்தியாகுவின் கையும் நின்றது. பிறகு அடுத்தவன் கை. அதற்கடுத்தவன் கை. வலையின் மறுமுனைக் கயிற்றைத் தூரத்தில் இழுத்துக்கொண்டிருந்தவர்களும் பார்த்துவிட்டு நின்றார்கள்.

கடலுக்குள் வலை நிறைய மீன். மேலே பறவைகள் விழுந்து விழுந்து எழுந்தன. இப்படியே நின்றால் அத்தனையும் தப்பிவிடும். அவருக்கு நஷ்டம். இவர்களுக்கு ராத்திரிச் சோறு இல்லை.

தெரிந்துதான் நின்றார்கள்.

அவள் வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தன்னால் இத்தனை வீட்டில் அடுப்பு எரியாமல் போகுமே. ஆனாலும் கால் நகரவில்லை.

சம்மாட்டி கத்தினார். கெஞ்சினார். ஓடிவந்து தானே கயிற்றைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். கரைவலை ஒற்றை ஆளுக்கு வருமா?

கடைசியில் குரல் இறங்கியது.

“சந்தியாகு... இழுப்பா.”

அந்த வாயில் மகன் பேரை முதல்தடவையாகக் கேட்கிறாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படியொரு சந்தோஷம்.

சந்தியாகு இழுக்கவில்லை. பக்கத்தில் நின்றவனைத் திரும்பிப் பார்த்தான்.

சம்மாட்டிக்குப் புரிந்தது.

“அருளப்பா.”

இன்னும் யாரும் இழுக்கவில்லை.

“மிக்கேலு. இன்னாசி.”

வரிசையோடு நடந்தார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு முதுகு நிமிர்ந்தது.

கடைசி ஆளிடம் வந்ததும் வாய் திறந்தபடி நின்றார். வருஷக்கணக்காக அவர் வலையை இழுக்கிறவன்.

கிட்டே போனார்.

“ஒம் பேரு என்னப்பா?”

அவன் சொன்னது அலைச்சத்தத்தையும் தாண்டி மறுமுனைக் கயிறு வரைக்கும் கேட்டது.