சக்கரத்தடியில் எலுமிச்சை

கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்குக் கிளம்பவேண்டிய, ஓட்டுநரில்லாமல் தானே ஓடும் கார் வாசலை விட்டு நகரவே இல்லை. முன்சக்கரங்களுக்கு அடியில் திலகவதி எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள்.

“பாதையில் தடை உள்ளது. எதன் மீதும் ஏற எனக்கு அனுமதியில்லை,” என்றது கார்.

“ஏனுங்க, எழுபது கொண்டையூசி வளைவு! பழம் நசுங்காம நான் ஏறமாட்டேன்,” என்றாள் கணவர் செங்கோட்டுவேலிடம்.

அவரும் மகள் மகிழினியும் பின்னாலிருந்து மூச்சுமுட்டத் தள்ளினார்கள். பழங்கள் நசுங்கின.

“விபத்து பதிவாகிவிட்டது. விசாரணை முடியும்வரை நான் ஓடமாட்டேன்,” என்று கார் கதவுகளைப் பூட்டிக்கொண்டது.

அருவியில் குளிக்கத் துண்டோடு வந்த மகிழினி, வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள்.

திலகவதி நிம்மதியாகப் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

“பாத்தீங்களா? மலையில நடக்கவேண்டிய விபத்து வாசலோட போச்சுங்க.”