நல்ல முடிவு, டீச்சர்

மழை வலுத்ததும் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஜெனிபர் வாசலைப் பார்த்தாள். தலைமையாசிரியர் சவரிமுத்து இருந்தவரை, இப்படிப்பட்ட நாட்களில் அங்கேதான் குடையோடு நிற்பார். "மழைய நான் பாத்துக்கிறேன், நீங்க பாடத்த நடத்துங்க" என்பார். எதையாவது பிசகாகச் செய்தால், "தப்பு பண்றீங்க டீச்சர்!" என்று அங்கிருந்தே சத்தம் போடுவார்.

அவர் ஓய்வுபெற்ற பிறகு, வட்டாரத்தின் எல்லாப் பள்ளிகளிலும் சுவரில் மாட்டிய, செயற்கை நுண்ணறிவால் பேசும் ஒரு பெட்டிதான் தலைமை. ஆசிரியர்களின் தன்னம்பிக்கை குலையாமல் பேச அதைப் பழக்கியிருந்தார்கள்.

தண்ணீர் பள்ளியின் முதல் படியைத் தொட்டது.

"வாய்க்கால் பொங்கிருச்சு. பிள்ளைங்கள வீட்டுக்கு அனுப்பிடட்டுமா?" என்று பெட்டியிடம் கேட்டாள்.

"நல்ல முடிவு, டீச்சர். உங்களை நம்புகிறேன்."

"அவங்க போற வழியில பாலத்துக்கு மேல தண்ணி போச்சுன்னா? இங்கயே வச்சுக்கட்டுமா?"

"அதுவும் நல்ல முடிவு, டீச்சர். உங்களை நம்புகிறேன்."

"ரெண்டுல எதுன்னு சொல்லுங்களேன்!"

"நீங்கள் எதைச் செய்தாலும் சரியாகத்தான் இருக்கும்."

பையை மாட்டுவதா, இறக்கி வைப்பதா என்று தெரியாமல் பிள்ளைகள் அவள் முகத்தையே பார்த்தார்கள். 'தப்பு பண்றீங்க டீச்சர்' என்று யாராவது சத்தம் போட மாட்டார்களா என்று அவள் மறுபடியும் வாசலைப் பார்த்தாள்.

அங்கே தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.