கோபால்ட் மெஷினுக்கு வைத்த பொட்டு

விளக்கைப் போட்டதுமே ஆவுடையம்மாள், “ஏண்ணே, இங்க வந்து பாருங்க!” என்று கத்தினாள்.

கோபால்ட் மெஷினிலிருந்து கட்டில்மேல் விழும் வெளிச்சத்தின் நடுவில் கூட்டல் குறி தெரிய வேண்டும். நோயாளியின் உடம்பில் போட்ட மைக்கோட்டோடு அது பொருந்தினால்தான் கதிர் சரியான இடத்தில் பாயும். இன்று அந்த இடத்தில் கறுப்பாக ஒரு திட்டு.

டெக்னீஷியன் இருளப்பசாமி குனிந்து அண்ணாந்து பார்த்தார். வெளிச்சம் வருகிற கண்ணாடியில் வட்டமாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். சோலி முடிந்தது!

நேற்று ஆயுத பூசை. ராஜபாளையத்தில் லாரியிலிருந்து தையல் மெஷின் வரை எல்லாம் பொட்டு வைத்து நிற்கையில், கேன்சரோடு மல்லுக்கட்டுகிற மெஷின் மட்டும் மூளியாக நிற்கலாமா? கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கியவர் இருளப்பசாமிதான். ஆனால் அவர் பொட்டு வைத்தது தரையை ஒட்டிய மெஷினின் அடிப்பீடத்தில். குலசாமி சத்தியம்.

யார் நம்புவார்கள்?

இங்கே நடப்பது பல ஊர் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்தும் சிகிச்சை ஆய்வு. எந்த ஊரில் படுத்தாலும் நோயாளிக்கு ஒரே அளவு கதிர் கிடைக்க வேண்டும். அதற்காகத்தான் தினமும் காலையில் இவர்கள் இருவரும் தனித்தனியே சரிபார்ப்பது. தப்பு நேர்ந்தால், செய்த ஆளின் பெயரோடு மேலிடத்துக்கு எழுத வேண்டும். இன்னொரு தப்பு வந்தால் மெஷினை விட்டே தூக்கிவிடுவோம் என்று போன மாதம்தான் இருளப்பசாமியிடம் சொல்லியிருந்தார்கள்.

“என்னால மறைக்க ஏலாதுண்ணே.” கதிரின் அளவைக் கணக்கிடுகிறவள் ஆவுடையம்மாள். அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

“மறைக்கவா சொல்லுதேன்? எழுதுங்கம்மா. ஆனா நான் வைக்கல.”

“எம்பேர எழுதுங்க,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

டாக்டர் ராஜரத்தினம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ‘மெஷினுக்கு எதுக்குய்யா பொட்டு?’ என்று நேற்றெல்லாம் கேலி பேசியவர். இருவரும் வாயைப் பிளந்தார்கள்.

“எம்புட்டு ஜெபம் பண்ணியும் பயம் போகல, இருளப்பா. மிச்சமிருந்த சந்தனத்த எடுத்து நானும் ஒண்ணு வச்சேன். கதிர் வார எடத்துலயே வச்சா நல்லதுன்னு தோணுச்சு.”

படித்த டாக்டருக்கு அப்படி என்ன பயம்? கேட்பதற்குள் அவர் கதவைத் திறந்து, ஆய்வுப் பட்டியலில் வெறும் எண்ணாக இருந்த, இன்றைக்குப் புதிதாக வந்திருக்கும் முதல் நோயாளியைக் கைப்பிடித்து அழைத்து வந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் இவர்களுக்கும் சேர்த்தே சோறு கட்டிக் கொடுக்கும் அவர் மனைவி பரிபூரணம்.

இருளப்பசாமி ஈரத்துணியை எடுத்தார்.

“செத்த நேரம் உக்காருங்கக்கா. மொதல்லருந்து சரிபாத்துருதோம்.”