கவிழ்த்து வைத்த தட்டுகள்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒரு மனுஷனைச் செத்தவனாக்க என்ன அவசரமோ தெரியவில்லை. படுக்கையில் சூடுகூட ஆறியிருக்காது, அதற்குள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிடுகிறார்கள்.

விமானப்படை மெஸ் வராந்தாவில் கிடந்த இரண்டு தகரப் பெட்டிகளைப் பார்த்துத்தான் பட்லர் இப்படி முணுமுணுத்தார். ஒன்று பைலட் வெங்கடராமனுடையது. மற்றது அவனோடு போன நேவிகேட்டர் டென்சிலுடையது.

அறுபத்தைந்து யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து கிளம்பும் குண்டு விமானங்கள் வடக்கே எண்ணெய் நிரப்பிக்கொண்டு, எல்லை தாண்டிக் குண்டுகளைக் கொட்டிவிட்டுத் திரும்பும். போனவர்களின் தட்டுகளைப் பட்லர் மேஜைமேல் கவிழ்த்து வைப்பார். அவர்களே வந்து உட்கார்ந்தால்தான் நிமிர்த்துவார். வேறு எவனுக்கும் அந்த இடத்தில் சோறு கிடையாது.

இது அவர் போட்ட சட்டம். அவர் பெயர்கூடத் தெரியாத பெரிய ஆபீசர்கள் எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டார்கள். எல்லாருக்கும் அவர் பட்லர், அவ்வளவுதான்.

இந்த வாரம் போன விமானங்களில் ஒன்று திரும்பவில்லை. எல்லைக்கு அப்பால் நெருப்புப் பிடித்து விழுந்ததை உடன் போனவர்கள் பார்த்தார்களாம். வெங்கடராமனுக்கும் டென்சிலுக்கும் பதிலாக வந்த இரண்டு பையன்கள் உட்கார இடமில்லாமல் நின்றார்கள்.

ஆபீஸ் பொறுப்பிலிருந்த சீனிவாசராகவன் தானே வந்து, தட்டுகளை எடுக்கச் சொன்னார். சாயங்காலம் இரண்டு வீட்டுக்கும் தந்தி போகிறது என்றார்.

“உடம்பை யாராவது பாத்தாங்களா சார்?”

“விழுந்ததைப் பாத்தாச்சு. அது போதாதா?”

“பத்தாது.”

புதுப் பையன்களில் ஒருவன் சிரித்தான். பட்லர் அவன் பக்கம் திரும்பினார். “நின்னுக்கிட்டே சாப்பிடு தம்பி. காலு தேஞ்சிடாது.”

சீனிவாசராகவன் குரலைத் தணித்துக்கொண்டார். அவருக்கு ஒரு கல் ஞாபகம் வந்தது. பிரேசர் டவுனில் ஒரு சர்ச் மதிலில் உலக யுத்த காலத்துக் கல் ஒன்று பதித்திருக்கிறது. ‘பர்மாவில் விமானம் விழுந்து உயிர் நீத்த ஜெயராஜ்’ என்று ஒரே ஒரு பெயர். ஞாயிறு தவறாமல் பட்லர் அதன் முன்னால் நிற்பார். பூ வைத்ததில்லை, முழங்காலிட்டதில்லை. இடுப்பில் கை வைத்து ஒரு முறை முறைத்துவிட்டு வந்துவிடுவார். ஜெயராஜ் அவருக்குத் தம்பியாயிருக்கும், துக்கம் இன்னும் ஆறவில்லை என்று மெஸ்ஸில் முடிவு கட்டியிருந்தார்கள்.

“அந்தக் கல்லு முன்னாடி நிக்கிறதை நானும் பாத்திருக்கேன் பட்லர். ஜெயராஜ் போயிட்டார்னு கல்லுலயே வெட்டியாச்சு, நீங்களும் அதை ஏத்துக்கிட்டீங்க. இவங்களையும் அப்படி நினைச்சுக்குங்க.”

பட்லர் கவிழ்ந்திருந்த தட்டுகளின் முதுகைத் தோள் துண்டால் துடைத்தார். பழையபடி கவிழ்த்தே வைத்தார். சமையல்கட்டைப் பார்த்து நடந்தவர், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“அந்த ஜெயராஜ் நான்தான் சார்.”