வேலப்பன்தான் கொன்றாரா?

"அப்ப கொன்னது வேலப்பன்தானா, யக்கா?"

"இருடி. இன்னும் அவன் வாயத் தொறக்கல," என்கிறாள் ரமாபாய் என்னிடம், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். தொண்ணூற்றெட்டின் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை, வியாசர்பாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில், எனக்குள் இன்னும் முடியாமல் நடந்துகொண்டிருக்கிறது. ஜன்னல் கம்பி வழியே வெயில் விழுந்து திரையைப் பாதி வெளிறச் செய்கிறது. துப்பறியும் தொடர் இந்தியில் ஓடுகிறது. பம்பாயில் வளர்ந்த ரமாபாய்க்குத்தான் இந்தி தெரியும். இந்திப் பெயர்கள் எங்கள் மனதில் நிற்காது என்று, பாத்திரங்களுக்கு எங்கள் பிளாக் ஆட்களின் பெயரை வைத்தே அவள் கதை சொல்வாள். துப்பறிகிறவர் அவள் புருஷன் பீம்ராவ். நகைக்கடை முதலாளியைக் கொன்றிருக்கலாம் எனப்படும் மீசைக்காரன், போன வாரத்திலிருந்து வேலப்பன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் நிஜ வேலப்பனின் வீடு இது, டிவியும் அவருடையது. இன்று அவர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் சுவரோரம் நிற்கிறார். மகள் மலர்க்கொடியைப் பெண் பார்க்க எண்ணூரிலிருந்து வந்தவர்கள் கேசரித் தட்டைக் கையில் வைத்தபடி தொடரில் மூழ்கிவிட்டார்கள். "ஆளப் பாத்தா நல்லவனாத்தான் கீறான்," என்று மாப்பிள்ளையின் அம்மா திரையையும் வேலப்பனையும் மாறி மாறிப் பார்க்கிறாள். கட்டில் மேல் நெருக்கியடித்திருக்கும் பிள்ளைகள் சிரிப்பை அடக்குகிறார்கள். கதவுக்குப் பின்னால் மலர்க்கொடியின் வளையல் சத்தம் நின்றுபோகிறது. திரையில் துப்பறிகிறவர் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டி, விரலை மெல்ல உயர்த்துகிறார். ரமாபாய் மூச்சை இழுத்துக்கொள்கிறாள். வேலப்பன் அவள் பக்கம் குனிகிறார்.

"ரமா, இன்னிக்கு ஒரு நாளு அந்தாளுக்கு வேற பேரு வெச்சுடும்மா."